கடலில்லா ஊரில் ஒரு நீர்மூழ்கி ரோபோ
சின்னக் கைகள், பெரிய கருவிகள் – 7

பெங்களூரில் பள்ளிப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து "தண்ணிக்கு அடியில ஓடுற ரோபோ செய்யப் போறோம்" என்றால், வீட்டில் எழும் முதல் கேள்வி, "இங்க கடல் எங்கடா இருக்கு?" என்பதுதான். சென்னையும் மங்களூரும் ஆளுக்கொரு திசையில் ஏறக்குறைய 350 கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. ஊரோ கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே. ஆனால் இந்த வேலையில் பள்ளி மாணவர்கள் அடைந்த, உலகமே பேசிய வெற்றி ஒரு பாலைவன நகரத்திலிருந்து வந்தது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள ஃபீனிக்ஸ் நகரம். அங்கே கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. ஆஸ்கர் வாஸ்கெஸ், கிறிஸ்டியன் ஆர்செகா, லொரென்சோ சான்டியான், லூயிஸ் அராண்டா ஆகிய நால்வரும் மெக்சிகோவிலிருந்து வந்து, குடியுரிமைத் தாள்கள் இல்லாமல் வளர்ந்தவர்கள். ஆலன் கேமரன், ஃப்ரெடி லஜ்வார்டி என்ற இரண்டு ஆசிரியர்கள் அவர்களை 2004-இல் 'மேட்' நீர்மூழ்கி ரோபோ போட்டிக்குத் தயார் செய்தார்கள். பள்ளிப் பிரிவு இருந்தும் பல்கலைக்கழகங்கள் மோதும் பிரிவில் பெயர் கொடுத்தார்கள். தோற்பதென்றால் பெரிய இடத்திடம் தோற்போமே என்ற எண்ணம். பிவிசி பைப்பில் செய்த ரோபோவுக்குச் செலவு சுமார் 800 டாலர். பைப் ஒட்டும் பசையின் நாற்றத்தால் அதற்கு 'ஸ்டிங்கி' என்றே பெயர் வைத்தார்கள்.

போட்டி சாண்டா பார்பராவில். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, மின்கருவிகள் இருந்த பெட்டிக்குள் தண்ணீர் கசிவது தெரிந்தது. பிரித்து மறுபடி ஒட்ட நேரமில்லை. கசியும் நீரை உறிஞ்சிக்கொள்ள, மாதவிடாய்க் காலத்தில் பயன்படுத்தும் டாம்பன் பஞ்சை உள்ளே வைப்பதென்று முடிவெடுத்தார்கள். லொரென்சோ கடைக்குப் போய், எதை வாங்குவது என்று அங்கிருந்த ஒரு பெண்ணிடமே கேட்டு வாங்கி வந்தான். அந்தப் பிரிவில் அமெரிக்காவின் பெயர்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எம்ஐடி இரண்டாம் இடம். முதல் இடம் ஸ்டிங்கிக்கு.

பதின்வயதுப் பையன் கூச்சத்தை ஒதுக்கிவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டானே, அதை நான் கோப்பையைவிடப் பெரிதாக நினைக்கிறேன். கணினித் திரையில் ஓடும் நிரலில் பிழை இருந்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர் அப்படி விடாது. ஒட்டு சரியில்லையென்றால் அடுத்த நிமிடமே உள்ளே வந்துவிடும். தரையில் ஓடும் ரோபோவைச் செய்யும் பிள்ளையைவிட நீர்மூழ்கி ரோபோ செய்யும் பிள்ளை வேகமாகக் கற்றுக்கொள்கிறது என்று நான் நம்புவது இதனால்தான்.

பெங்களூரில் இதைச் செய்ய எல்லாம் கிடைக்கும். எலும்புக்கூட்டுக்கு அரை இஞ்ச் பிவிசி பைப், எல்போ, டீ எல்லாம் தெருமுனை ஹார்டுவேர் கடையிலேயே உண்டு. மோட்டார், சுவிட்ச், கேபிளுக்கு எஸ்.பி. ரோடு. அங்கே பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று மோட்டார் போதும்: இரண்டு முன்னும் பின்னும் ஓட்ட, ஒன்று மேலும் கீழும் இறக்கி ஏற்ற. எம்ஐடியின் கடல்சார் திட்டம் 2003-இல் தொடங்கிய 'சீபெர்ச்' ரோபோவின் அமைப்பும் இதேதான். அதில் மோட்டாரை ஒரு சின்னக் குப்பிக்குள் வைத்து, சுற்றிலும் மெழுகால் நிரப்புவார்கள். காலி இடம் இல்லாவிட்டால் நீர் புகவும் இடமில்லை. ஆழ்கடல் ரோபோக்களின் மோட்டார் அறையில் எண்ணெய் நிரப்புவதும் இந்தக் காரணத்துக்காகத்தான்.

காலி இடம் ஏன் ஆபத்து? நீச்சல் குளத்தில் இரண்டு மீட்டர் ஆழத்தில், பத்து சென்டிமீட்டர் நீள அகலமுள்ள ஒரு டிபன் பாக்ஸ் மூடியின் மேல் நீர் மட்டும் ஏறக்குறைய 20 கிலோ அழுத்துகிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் 'ரோசப் 6000' என்ற ஆழ்கடல் ரோபோ 2010-இல் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழம் வரை இறங்கியது. அங்கே ஒரு சதுர சென்டிமீட்டருக்கே 500 கிலோவுக்கு மேல். டிபன் பாக்ஸைக் கணக்குப் போட்ட பிள்ளைக்கு ரோசப்பின் எண் தானாகவே புரியும்.

அடுத்தது கயிறு. ரிமோட்டின் ரேடியோ அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். அதனால் கரைக்கும் ரோபோவுக்கும் இடையே கம்பி வேண்டும். தொப்புள்கொடி மாதிரி உணவும் உத்தரவும் அதன் வழியாகத்தான் போகும். பலரும் நெட்வொர்க் கேபிளைப் பயன்படுத்துகிறார்கள். இங்கேதான் பிள்ளைகள் திகைப்பார்கள்: கரையில் துள்ளிச் சுற்றிய மோட்டார், பதினைந்து மீட்டர் கேபிளின் மறுமுனையில் சோம்பிப்போகும். போக வர முப்பது மீட்டர் மெல்லிய செம்புக் கம்பிக்கு மின்தடை சுமார் 2.5 ஓம். மோட்டார் 2 ஆம்பியர் இழுத்தால் 5 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 7 வோல்ட்தான் போய்ச் சேரும். இரண்டிரண்டு கம்பிகளை இணைத்துவிட்டால் இழப்பு பாதியாகும். ஓம் விதியைப் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த பிள்ளை, அதைத் தன் மோட்டாரின் முனகலில் கேட்கட்டும்.

எங்கே மிதக்க விடுவது? ஏரிகளின் ஊர்தானே என்று அல்சூருக்கோ பெல்லந்தூருக்கோ போய்விடாதீர்கள். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தன. பெல்லந்தூர் நுரை கக்கியது. 2017-இலும் 2018-இலும் தீயே பிடித்தது. பிள்ளைகள் கை வைக்கக்கூடிய தண்ணீராக அவற்றை நாம் வைத்திருக்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். முதல் சோதனைக்கு வீட்டு டிரம் போதும். பிறகு யாரும் நீந்தாத நேரத்தில், பெரியவர்கள் உடனிருக்க, நீச்சல் குளம். 12 வோல்ட் பேட்டரி மட்டுமே. சுவர் மின்சாரத்தில் மாட்டிய எதையும் குளத்தருகே கொண்டுவரக் கூடாது.

டிரம்மில் ரோபோ பெரும்பாலும் முதலில் கவிழும். நுரைத் துண்டு மேலே, எடை கீழே இருந்தால்தான் நிமிர்ந்து நிற்கும். பைப்பில் துளையிட்டு உள்ளே நீரை நிரப்ப வேண்டும். இல்லையென்றால் காற்று ரோபோவை மேலேயே பிடித்துவைக்கும். நுரையை நறுக்கி நறுக்கி, மிதக்கவும் மூழ்கவும் செய்யாத நிலைக்குக் கொண்டுவர ஒரு மாலை முழுக்கப் போகலாம். அவசரப்படுத்தாதீர்கள்.

விடுமுறையில் மங்களூர் போகிறவர்கள் இன்னொரு கணக்கையும் போட்டுக்கொள்ளட்டும். கடல் நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் கனமானது. பெங்களூரில் சரியாகச் சமன்செய்த பத்துக் கிலோ ரோபோ அங்கே மூழ்காமல் மிதக்கும். கால் கிலோ எடையைப் பையில் கூடுதலாக எடுத்துக்கொண்டு ரயில் ஏறினால் போதும்.