நம்பிக்கைக்கும் கணக்கு உண்டு

நெருங்கிய உறவினர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வாயிலில் வந்து நிற்கும்போது நம்மில் பலருக்கு நா எழுவதில்லை. கடன் எவ்வளவு, எதற்காக, எவ்வாறு அடைப்பீர் என்று கேட்டால் உறவு முறிந்துவிடுமோ என அஞ்சிக் கேளாமலே கையெழுத்திடுகிறோம். தவணை தவறியபின் அதே உறவினரைத் தெருவில் கண்டு முகம் திருப்பிக் கொள்கிறோம். முன்னே ஒரு கேள்வி கேட்டிருந்தால் பின்னே ஓர் உறவு பிழைத்திருக்கும்.

திருவள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் ஒருங்கே துன்பம் தரும் என்பது அதன் முடிவு. முதலில் ஆராய்ச்சி, பிறகு நம்பிக்கை. இந்த முறை மாறினால் இரண்டும் கெடும்.

இதற்குச் சென்னை கொடுத்த விலை பெரிது. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அர்பத்னாட் கம்பெனி முறிந்தது. பழம்பெரும் வெள்ளைக்காரக் கம்பெனி என்ற பெயரையே ஜாமீனாகக் கொண்டு எத்தனையோ குடும்பங்கள் தங்கள் சேமிப்பை அங்கே போட்டிருந்தன. பெயரை எல்லோரும் அறிந்திருந்தனர். கணக்கைப் பணம் போட்டவர் எவரும் பார்த்ததில்லை. கம்பெனியின் தலைவர் ஸர் ஜார்ஜ் அர்பத்னாட் மோசடிக் குற்றத்துக்காகப் பதினெட்டு மாதக் கடுங்காவல் பெற்றார். எனினும், சுட்டுக்கொண்ட மக்கள் பணத்தைப் பானையில் புதைத்து வைக்க முற்படவில்லை. வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது.

அந்த வீழ்ச்சிக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வேறொரு வழியைக் காட்டியிருந்தது. அவ்வாண்டே செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில் ஒரு சங்கம் பதிவாயிற்று. ஒருவரையொருவர் அறிந்த ஊரார் கூடிக் கடன் கொடுப்பது அதன் நம்பிக்கை. ஆண்டுக்கு ஒரு முறையேனும் கணக்கைத் தணிக்கை செய்தாக வேண்டும் என்பது அதன் எச்சரிக்கை. அறிமுகம் இருக்கையில் தணிக்கை எதற்கு என்று சட்டம் கருதவில்லை.

நம் தொழிலிலும் இதுவே வழக்கம். மதுரையில் சங்கம் நெசவாளருக்கு நூலை நிறுத்துக் கொடுக்கிறது. நெய்து வந்த துணியையும் கழிவு நூலையும் நிறுத்து வாங்குகிறது. ஒரு சிட்டம் 840 கஜம். 80-ஆம் நெம்பர் நூலாயின் ராத்தலுக்கு 80 சிட்டம். இக்கணக்கை அறிந்த நெசவாளர் தம் பங்குக்குச் சரிபார்த்து வாங்கினால் சங்கத்துக்கு அது அவமதிப்பாகாது. தராசு இரு தரப்பாருக்கும் சாட்சி.

கண்மாய்ப் பாசன ஊர்களில் நீர்ப்பாய்ச்சி என்பவரை நியமித்து மடையை அவரிடம் ஒப்படைப்பதும் இத்தகையதே. அண்டை வயற்காரரைத் திருடரென்று எண்ணியா அவ்வாறு செய்தனர்? வறண்ட காலத்தில் எவருக்கும் சபலம் தட்டலாம் என்பதை உணர்ந்து, ஒருவரையொருவர் இரவெல்லாம் காவல் காக்கும் தொல்லையை அதனால் தவிர்த்தனர்.

இங்கே மறுபுறத்தையும் சொல்லியாக வேண்டும். எதையும் நம்பாதவர் எச்சரிக்கையுள்ளவர் ஆகார். பொதுக்குழுவில் தணிக்கை அறிக்கை படிக்கும்போது வாய் திறவாதிருந்து, பிறகு தேநீர்க் கடையில் காரியதரிசியைப் பற்றி முணுமுணுப்பவர் சங்கத்தைக் காப்பதில்லை, அரிக்கிறார். ஐயம் இருந்தால் சபையில் கேட்க வேண்டும். விடை சரியாயின் அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். நேர்மையான காரியதரிசிக்குக் கேள்வியைவிட வதந்தியே கொடிது.

ஆகவே அங்கத்தினர் அனைவரையும் நாம் வேண்டுவது இதுவே. பாஸ் புத்தகத்தில் பதியாமல் தவணை கட்டாதீர்கள். ரசீதின்றிப் பணம் கொடுக்காதீர்கள். படித்துப் பாராமல் கையெழுத்திடாதீர்கள். தம்பியாயினும் தொகையையும் தவணையையும் கேட்டறிந்து ஜாமீன் நில்லுங்கள்; நின்றபின் நாள்தோறும் அவன் வாசலை எட்டிப் பாராதீர்கள். கணக்கு உறவைக் கெடுப்பதில்லை, கணக்கின்மையே கெடுக்கிறது.