போரும் வாழ்வும் இசையில் இணைதல்

போர்க்களக் காட்சிகளையும் அன்றாட வாழ்க்கைக் காட்சிகளையும் ஒரு பாட்டின்மேல் மாறி மாறி அடுக்கிக் காட்டுவது இக்கால இசைக் காணொளிகளில் காணப்படும் வழக்கம். ஆனால், அடுக்கிய அளவிலே பொருள் பிறந்துவிடாது. இருவகைக் காட்சிகளையும் பிணைக்கும் உறவு ஒன்று வேண்டும். அவ்வுறவின் இயல்பை, 1942-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘லிசன் டு பிரிட்டன்’ என்னும் ஆங்கிலப் படத்திற் காணலாம். ‘பிரிட்டனைச் செவிமடுப்பீர்’ என்பது அப்பெயரின் பொருள்.

ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ், ஸ்டூவர்ட் மக்காலிஸ்டர் ஆகிய இருவரும் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கிரவுன் படப்பிரிவில் இதனை உருவாக்கினர். ஏறத்தாழ 20 நிமிடமே ஓடும் இப்படத்தில் கதை இல்லை. வெளியிடும்போது சேர்த்த பேச்சு முன்னுரையை நீக்கிப் பார்த்தால் விளக்கவுரையும் இல்லை. ஒலியே வழிகாட்டி.

கதிர் முற்றிய வயலுக்கு மேலே போர் விமானங்கள் இரைகின்றன. பிளாக்பூல் நகரத்து மண்டபத்தில் மக்கள் நடனமாடுகின்றனர். கடற்கரையிலோ காவலர் இருளில் விழித்திருக்கின்றனர். பள்ளி முற்றத்தில் சிறுவர் ஆடுகின்றனர். அடுத்து ஊர்த் தெருவிலே படை வண்டிகள் உருள்கின்றன. தொழிற்சாலை உணவுச்சாலையில் ஃபிளனகன், ஆலன் என்னும் நகைச்சுவைப் பாடகர் இருவர் பாடுகின்றனர். அப்பாட்டிலிருந்து படம் நேரே லண்டன் தேசிய ஓவியக் கூடத்துக்குச் செல்கிறது. குண்டுவீச்சை முன்னிட்டு ஓவியங்கள் வேற்றிடம் சென்றுவிட்ட அக்கூடத்தில், மைரா ஹெஸ் அம்மையார் மோசார்ட்டின் இசையைப் பியானோவில் வாசிக்கிறார். அவ்விசை மண்டபத்தோடு நிற்கவில்லை. வெளியே வீதியிற் பரந்து, டாங்கிகள் செய்யும் தொழிற்சாலையை அடைந்து, இயந்திர ஓசையில் மறைகிறது.

இங்கு நுட்பம் யாது? இசை, காட்சிகளின்மேல் வெளியிலிருந்து பூசப்பட்டதன்று. பாடுவோரும் வாசிப்போரும் கேட்போரும் படத்திற்குள்ளேயே இருக்கின்றனர். ஓரிடத்து ஓசை அடுத்த இடத்திற்குள் புகுவதால், போரும் வாழ்வும் ஒரே நாளின் இரு கூறுகள் என்பது சொல்லாமலே விளங்குகிறது.

இதன் குறையும் கருதத்தக்கது. 1940, 1941-ஆம் ஆண்டுகளின் குண்டுவீச்சில் 40,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் குடிமக்கள் மாண்டனர். மக்களின் ஊக்கத்தைக் காக்க எழுந்த அரசாங்கப் படமாதலின், அச்சாவுகள் இதில் இடம்பெறவில்லை. இசை துன்பத்தை உணர்த்தவும் வல்லது, மறைக்கவும் வல்லது. ஆதலின், போர்ப் படத்தைப் பாட்டோடு இணைப்பவர், ‘இப்பாட்டு இங்கே யாருடைய குரல்?’ என்று முதலில் வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை இல்லையேல், பிறர் துயரம் பாட்டுக்கு அணியாக மட்டுமே நின்றுவிடும்.