நமத்துப் போவதற்குள்

உருளைக்கிழங்குத் துண்டை எண்ணெயில் போட்டதும் சடசடவென்று குமிழ் கிளம்புகிறதே, அங்கே கொதிப்பது எண்ணெய் அல்ல, கிழங்கிலுள்ள நீர். கிழங்கின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீர்தான். அது ஆவியாகி வெளியே சீறிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் அதிகம் உள்ளே புக முடியாது. எடுத்து ஆறவிடும்போதுதான் மேலே ஒட்டிய எண்ணெய் உள்ளே இழுபடுகிறது. எடுத்த கையோடு நன்றாக உதறி வடிப்பது இதற்காகத்தான்.

ஃபிரெஞ்சு ஃபிரைஸ் என்பது மேலே காய்ந்த ஓடு, உள்ளே ஈர மாவு. உள்ளிருக்கும் ஈரம் ஓட்டுக்கு வந்து சேர்ந்தால் ஃபிரைஸ் நமத்துவிடும். எதைத் தொட்டு, எதை ஊற்றிச் சாப்பிடுவது என்பதில் ஒவ்வொரு நாடும் இதை ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கிறது.

பெல்ஜியத்தில் இரண்டு முறை பொரிப்பார்கள். முதலில் சுமார் 150 டிகிரியில்: மாவுச்சத்து வெந்து மெத்தென்றாகும், நிறம் ஏறாது. ஆறவிட்டு, மறுபடி சுமார் 180 டிகிரியில்: மேற்பரப்பு காய்ந்து பொன்னிறமாகும். கடலைப் பொட்டலம் போன்ற காகிதக் கூம்பில் போட்டு, மேலே மயோனைஸ் வைத்துத் தருவார்கள். மயோனைஸில் பெரும்பகுதி எண்ணெய். அதனால் மொறுமொறுப்பு சட்டென்று போவதில்லை. பக்கத்து நெதர்லாந்தில் மயோனைஸோடு வேர்க்கடலைச் சாஸும் நறுக்கிய வெங்காயமும் சேரும். பார்க்கக் களேபரமாக இருப்பதாலோ என்னவோ, அதன் பெயரே ‘போர்’. வேர்க்கடலைச் சாஸ், டச்சுக்காரர்கள் ஆண்ட இந்தோனேசியாவின் சமையலிலிருந்து வந்தது.

பிரிட்டனில் துண்டுகள் தடிமன். தடித்த துண்டுக்கு எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு குறைவு. எண்ணெயும் குறைவாகவே ஏறும். அதன்மேல் உப்பும் மால்ட் வினிகரும் தெளித்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள். உள்ளே அடைபட்ட ஆவியில் ஓரங்கள் குழைந்து, புளிப்பு ஊறிப்போகும். அங்கே குழைவதுதான் ருசி.

கனடாவின் கியூபெக் மாகாணம் இன்னும் துணிந்தது. 1950களில் அங்கே கிராமப்புறச் சிற்றுண்டிக் கடைகளில் தோன்றிய ‘பூட்டீன்’, ஃபிரைஸ்மேல் புதுப் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டுச் சூடான இறைச்சிச் சாற்றை ஊற்றுவது. கட்டி புதிது என்றால் கடிக்கும்போது பல்லிடுக்கில் ‘கீச்’சென்று சத்தம் வரும், ஓரிரு நாளில் அந்தச் சத்தம் போய்விடும். சாற்றைப் பரிமாறும் நேரத்தில்தான் ஊற்றுவார்கள். முதல் வாய் மொறுமொறு, கடைசி வாய் கூழ். இரண்டும் ஒரே தட்டில்.

பெருவின் ‘லோமோ சல்டாடோ’வில், சீனக் குடியேறிகள் கொண்டுவந்த சோயா சாஸில் வதக்கிய மாட்டிறைச்சி, வெங்காயம், தக்காளியோடு ஃபிரைஸும் கலக்கும்; பக்கத்தில் சோறு. அங்கே ஃபிரைஸ் ஏறக்குறைய ஒரு கறிகாய்.

வீட்டுக்குப் பார்சல் வாங்கினால் எந்தச் சாஸும் தேவையில்லை. மூடிய டப்பாவே நமக்க வைத்துவிடும். பெல்ஜியக் கூம்பின் வாய் எப்போதும் திறந்தே இருக்கும்.