காய்ச்சல் போன பிறகு சிவக்கும் கண்

கொல்லிமலையில் பள்ளத்து வயலில் நாற்று நடுகிற நாளில் ஒருவருக்குக் கண் சிவந்தால் 'சூடு' என்போம், இல்லாவிட்டால் 'தூசி விழுந்திருக்கும்' என்போம். இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடுகிற கண்வலிக்கு அது சரி. ஆனால் வாரக்கணக்கில் சிவப்பு மாறாமல், வெளிச்சம் பட்டால் கூசி, பார்வை புகை மூட்டமாகி, கொஞ்சம் குறைந்து மறுபடியும் வருகிறதென்றால் அது வேறு சங்கதி. இதில் பெரும்பாலும் பீளை தள்ளாது, இமை ஒட்டாது. கண்ணின் வெள்ளை ஓட்டுக்கு உள்ளே ரத்த ஓட்டம் நிறைந்த ஒரு நடுப்படலம் இருக்கிறது. அதில் உண்டாகும் அழற்சி இது. டாக்டர்கள் யுவியைட்டிஸ் என்பார்கள்.

இதற்குக் காரணம் ஒன்றல்ல. காசநோயால் வரலாம், மூட்டுவாதக்காரருக்கும் வரலாம். எல்லாப் பரிசோதனையும் செய்து காரணம் பிடிபடாதவர்களும் நிறைய உண்டு. சேற்றில் கால் வைக்கிற நாம் மறக்கக் கூடாத காரணம், எலி.

1993 கடைசியில் மதுரைப் பக்கம் பெருமழை, வெள்ளம். அதற்குப் பின் 1994-ல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இந்த நோயோடு பலர் வந்தார்கள். டாக்டர் எஸ். ஆர். ரத்தினமும் உடன் பணியாற்றியவர்களும் துருவிப் பார்த்தபோது அகப்பட்டது, எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைரா. 70-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றி 1997-ல் எழுதி வெளியிட்டார்கள். குதிரைக்கும் இதே கிருமியால் விட்டு விட்டுக் கண் நோய் வருவதுண்டு. பிறையோடு சேர்த்து அதை நிலாக்குருடு என்று ஆங்கிலேயர் சொன்னார்கள். பிறைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது!

கிருமி எலியின் மூத்திரத்தில் வெளியேறும். மாடு, பன்றி, நாய் மூத்திரத்திலும் வரலாம். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். கால் வெடிப்பு, முள் குத்திய புண், கண், வாய் வழியாக உடம்புக்குள் நுழைந்துவிடும். முதலில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி. சிலருக்கு அது சாதாரணக் காய்ச்சலாகவே வந்து போய்விடும். வாரங்கள், ஏன் மாதங்கள் கழித்துத்தான் கண்ணில் காட்டும். அதனால்தான் இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

காலில் புண் இருக்கும்போது சேற்றில் இறங்காதீர்கள். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் ரப்பர் பூட்ஸ் போடுங்கள். வயல் நீரில் முகம் கழுவ வேண்டாம். வரப்பு வளைகளை வெட்டி அடையுங்கள், கிட்டி வையுங்கள். சாமை, நெல் வைத்திருக்கும் இடத்தில் எலி ஏறாமல் பாருங்கள். மாட்டுக் கொட்டகையில் மூத்திரம் தேங்காமல் வாய்க்கால் இருக்கட்டும்.

கண்ணில் தாய்ப்பால், இலைச்சாறு எதையும் விடாதீர்கள். மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் ஆபத்து. ஸ்டீராய்டு சொட்டு மருந்து இந்த நோய்க்கு உண்டுதான், ஆனால் டாக்டர் பார்த்து அளவு சொல்ல வேண்டும். நெல் தூசி கீறிக் கருவிழியில் புண் இருந்தால் அதே மருந்து பார்வையைக் கெடுத்துவிடும். வேளையோடு பார்த்தால் எலிக்காய்ச்சல் கண் நோய் பெரும்பாலும் நன்றாகவே குணமாகும்.

70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் போகிற சிரமம் தெரிந்ததுதான். போனால் 'கண் சிவப்பு' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். இத்தனை மாதத்துக்கு முன் காய்ச்சல் வந்தது, சேற்று வேலை செய்கிறேன், வீட்டில் எலி உண்டு, மாடு உண்டு என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.