ஆங்கிலச் சொல்லும் அசையழுத்தமும்

ஆங்கில நூல்களைப் பிழையறக் கற்று, அம்மொழியில் வழுவின்றி எழுதவும் வல்ல தமிழ் மாணாக்கன் ஒருவன், அதனைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரோடு முதன்முறை உரையாடும்பொழுது இருவகை இடர்க்கு ஆளாகின்றான். அவன் கூறியதை அவர் மீண்டும் வினாவுகின்றார். அவர் கூறியவற்றுள் தான் நன்கறிந்த சொற்களையே அவன் இனங்காணாது திகைக்கின்றான். இலக்கண அறிவும் சொல்வளமும் நிரம்பியிருந்தும் இவ்விடர் நேர்வதற்குக் காரணம் யாது? எழுத்தொலிகளைத் திருத்தமாக உச்சரியாமை ஒரு காரணமாகலாம். ஆயினும், பெரும்பாலாராற் கவனிக்கப்படாத பிறிதொரு காரணமும் உண்டு. அதுவே அசையழுத்தம்.

அசையழுத்தமாவது, பல அசைகளாலான ஒரு சொல்லில் ஓர் அசையை ஏனையவற்றினும் மேலோங்க ஒலித்தலாம். அழுத்தம் பெற்ற அசை உரத்தும், சற்று நீண்டும், குரலின் ஏற்ற இறக்கத்தைத் தன்மேற் கொண்டும், உயிரொலி தெளிவுற்றும் நிற்கும். ஏனையவை மெலிந்து ஒலிக்கும். ஈண்டு அசை என்றது யாப்பிலக்கணங் கூறும் நேரசை, நிரையசைகளை அன்று. ஓருயிரை நடுவாகக் கொண்டு எழும் ஒலிக்கூற்றையே என்க.

தமிழில் இத்தகைய அழுத்தம் ஒரு தனிச் சொல்லின் பொருளை வேறுபடுத்துவதில்லை. ‘கல்’ என்பதும் ‘கால்’ என்பதும் உயிரின் அளவினால் வேறுபடுகின்றனவேயன்றி அழுத்தத்தினால் அன்று. எனினும், குரல் வேறுபாடு பொருள் வேறுபாட்டைத் தரும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியும் அன்று. எடுத்தல், படுத்தல், நலிதல் என்னும் ஓசை வேறுபாடுகளை நன்னூலார் எழுத்தியலிற் குறித்துள்ளார். எழுத்து ஒன்றாயிருந்து பொருள் வேறாகும் புணர்ச்சிகள் இசையினாலே தெளியப்படும் என்பது தொல்காப்பியர் கருத்து. ‘செம்பொன்பதின்றொடி’ என்பதனைச் செம்பொன் பதின்றொடி எனவும், செம்பு ஒன்பதின்றொடி எனவும் இசையறுத்துப் பொருள் கொள்ளும் முறையை உரைகளிற் காணலாம். தமிழிற் சொற்கள் புணருமிடத்து நிகழும் இவ்வேறுபாடு, ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் உள்ளேயே நிகழ்கின்றது. இவ்வளவே வேற்றுமை.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ‘ரெக்கோர்ட்’ என்னும் சொல்லின் முதலசையை அழுத்தினால் அது பதிவு என்னும் பெயர், ஈற்றசையை அழுத்தினால் பதிவு செய் என்னும் வினை. இறக்குமதியைக் குறிக்கும் ‘இம்போர்ட்’, அனுமதியைக் குறிக்கும் ‘பெர்மிட்’ என்பனவும் அவ்வாறே பெயராயின் முதலிலும், வினையாயின் ஈற்றிலும் அழுத்தம் பெறுவன. ஆயினும் இது பொதுவிதியன்று. ‘ரிப்போர்ட்’, ‘கொன்ட்ரோல்’ முதலியன பெயராயினும் வினையாயினும் ஈற்றிலேயே அழுத்தம் பெறும்.

அழுத்தம் இடம்மாறுமிடத்து உயிரொலியும் மாறுதலே தமிழ் மாணாக்கரைப் பெரிதும் மயக்குவது. நிழற்படத்தைக் குறிக்கும் ‘போட்டோகிராப்’ என்னும் சொல்லில் முதலசை ஓங்கும். படம் பிடிப்பவரைக் குறிக்கும் ‘போட்டோகிராபர்’ என்பதில் இரண்டாமசை ஓங்க, முதலசையின் ஓகாரம் தேய்ந்து, தெளிவற்ற குறுகிய அகரம் போல ஒலிக்கும். ‘போட்டோகிராபிக்’ என்னும் அடைமொழியில் மூன்றாமசை ஓங்கும். எழுத்திற் சகோதரராய்த் தோன்றும் இம்மூன்றும் செவிக்கு அயலார் போலாகிவிடுகின்றன. உயிர் தன்னளவிற் குறைந்தொலித்தலைக் குற்றியலுகரத்திலும் ஐகாரக்குறுக்கத்திலும் கற்ற தமிழ் மாணாக்கர்க்கு இத்தேய்வு விளங்காத ஒன்றன்று. எல்லா அசைகளையும் நிறைவாக ஒலித்தலே திருத்தம் எனக் கருதும் வழக்கமே இங்குத் தடையாகின்றது.

ஆங்கிலத்தின் அழுத்தம் நிலையான ஓரிடத்தில் நில்லாமைக்கு அம்மொழியின் வரலாறே காரணம். பழைய ஆங்கிலம் ஜெர்மானியக் குடும்பத்தது. அதன் சொற்கள் பெரும்பாலும் பகுதியின் முதலசையில் அழுத்தம் பெற்றன. 1066 ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர்ப் பிரெஞ்சுச் சொற்களும், பின்னாளில் இலத்தீன், கிரேக்கச் சொற்களும் பெருவாரியாகப் புகுந்தன. அவை தத்தம் அழுத்த முறைகளையும் உடன்கொணர்ந்தன. காலப்போக்கிற் சிலவற்றின் அழுத்தம் முன்னோக்கி நகர்ந்தது. மேன்மாடத்தைக் குறிக்கும் ‘பால்கனி’ என்னும் சொல், பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டாமசையில் அழுத்தப்பட்டுப் பின்னரே முதலசை அழுத்தம் பெற்றது.

அங்ஙனமாயின் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே நெட்டுருப் பண்ணவேண்டுமோ எனின், வேண்டா. நோம் சொம்ஸ்கியும் மொரிஸ் ஹாலேயும் 1968 இல் வெளியிட்ட ஆங்கில ஒலியமைப்பு நூல், அழுத்தத்தின் பெரும்பகுதி விதிக்குட்பட்டது எனக் காட்டிற்று. அவ்விதிகளுக்கு அடிப்படையான பாகுபாடு தமிழ் யாப்புக் கற்றோர்க்கு எளிதில் விளங்குவது. நெட்டுயிர் கொண்ட அசையும் ஒற்றடுத்த குறிலசையும் கனத்தவை. ஒற்றடாத குறிலசை இலேசானது. மூன்று அல்லது அதனின் மிக்க அசைகளையுடைய பெயர்களிற் பெரும்பாலும் ஈற்றயலசையையே நோக்குதல் வேண்டும். அது கனத்ததாயின் அழுத்தம் அதன்மேல் நிற்கும். இலேசானதாயின் அதற்கு முன்னுள்ள அசைக்குச் செல்லும். ‘அஜென்டா’ என்பதில் ஈற்றயல் ‘ஜென்’ ஒற்றடுத்தது. ஆதலின் அதுவே ஓங்கும். ‘அமெரிக்கா’ என்பதன் ஆங்கில ஒலிப்பில் ஈற்றயலாகிய ‘ரி’ இலேசானது. ஆதலின் ‘மெ’ ஓங்கும். தமிழ்ச் சொல்லாகிய மிளகுதண்ணீர் ஆங்கிலத்தில் ‘மல்லிகட்டோனி’ எனத் திரிந்தபொழுது, நெடிலாகிய ஈற்றயலே அழுத்தம் பெற்றமையும் இவ்விதிக்குச் சான்றாகும்.

வினைகளில் ஈற்றசை நெடிலாயினும், ஒற்றிரண்டில் முடியினும் அதுவே பெரும்பாலும் ஓங்கும். ‘மெயின்டெயின்’, ‘கொலாப்ஸ்’ என்பன காண்க. குறிலடுத்து ஒரே ஒற்று நிற்பின் அழுத்தம் அதற்கு முன்னசையில் அமையும். பலரும் முதலசையை அழுத்திக் கூறும் ‘டிவெலப்’ என்னும் வினை, இவ்விதிப்படி ‘வெ’ என்னும் இரண்டாமசையில் அழுத்தம் பெறுவது.

விகுதிகளும் வழிகாட்டுவன. ‘ஷன்’, ‘இக்’ என முடியுஞ் சொற்களில் விகுதிக்கு முன்னசை ஓங்கும்: ‘எடியூக்கேஷன்’, ‘சயன்டிபிக்’. ‘இட்டி’ என முடிவனவும் அத்தகையன: ‘யூனிவேர்சிட்டி’ என்பதில் ‘வேர்’ ஓங்கும். ‘இயர்’, ‘ஈ’ என்பன தாமே அழுத்தம் ஏற்பன: ‘என்ஜினியர்’, ‘ரெபியூஜீ’. இவற்றிற்குப் புறனடைகளும் உள. எண்கணிதத்தைக் குறிக்கும் ‘அரித்மெட்டிக்’ என்னும் பெயரில் இரண்டாமசையும், ‘கொமிட்டி’ என்பதில் ‘மி’ என்னும் அசையும் அழுத்தம் பெறும். விதி வழிகாட்டி, வழக்கே முடிவு.

ஈண்டு ஒரு வினா எழும். இலங்கையிலும் இந்தியாவிலும் ஆங்கிலம் தனக்கென ஓர் ஓசை பெற்று வழங்க, இங்கிலாந்தின் வழக்கைப் பின்பற்றுவது அடிமை மனப்பான்மை ஆகாதோ? இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஆங்கிலத்தைப் பல நாட்டினரின் பொதுமொழியாகக் கொண்டு ஆராய்ந்த ஜெனிபர் ஜென்கின்ஸ், 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், தொடரழுத்தத்தை இன்றியமையாதவற்றுள் வைத்து, சொல்லழுத்தத்தை அவற்றுட் சேர்க்காது விட்டார். ஆங்கிலேயருள்ளும் சில சொற்களில் ஒருமைப்பாடில்லை. சர்ச்சையைக் குறிக்கும் ‘கொன்ட்ரவேர்சி’ என்பதனைச் சிலர் முதலசையிலும் சிலர் இரண்டாமசையிலும் அழுத்துவர். ஆயினும் பேசுவோன் தன் ஓசையைத் தானே தெரிந்துகொள்ளலாம். கேட்போன் பிறர் ஓசையைத் தெரிந்துகொள்ள இயலாது. அழுத்தமுறையை அறியாதவன் வானொலியிலும் விரிவுரையிலும் தேய்ந்தொலிக்கும் அசைகளை இழக்கின்றான். ஐந்து அழுத்தங்களால் நடக்கும் ஷேக்ஸ்பியரின் செய்யுளடி அவனுக்கு வெறும் உரைநடையாகவே தோன்றும். ஆதலின் இப்பயிற்சியின் பயன் ஆங்கிலேயரைப் போல நடித்தலன்று. கேட்டுணர்தலும் கேட்போர்க்கு உணர்த்தலுமே.

இதனைப் பயிலும் முறை எளிது. டானியல் ஜோன்ஸ் 1917 இல் வெளியிட்ட ஆங்கில உச்சரிப்பு அகராதி முதலாகப் பல அகராதிகள், அழுத்தம் பெறும் அசைக்கு முன்னர் மேலே ஒரு சிறு நேர்கோட்டை இடுகின்றன. புதுச்சொல்லைக் குறிப்பேட்டில் எழுதும்பொழுது பொருளோடு அக்கோட்டையும் எழுதுதல் வேண்டும். தனிச் சொல்லை விடுத்து, அதன் குடும்பத்தை ஒருங்கே பயிலுதல் நன்று. அழுத்த அசையில் மட்டும் கையைத் தட்டி உரக்கக் கூறுதல் இளையோர்க்கு ஏற்றது. வலிந்து கத்துதல் வேண்டா. ஏனைய அசைகளை மெலியவிடின் உரிய அசை தானே ஓங்கும். ஆசிரியரும் எழுத்துப்பிழையைத் திருத்துமளவு கவனத்தோடு அழுத்தப்பிழையையும் திருத்துவாராக.

மாத்திரையளவை நுணுகி ஆராய்ந்த இலக்கணத்தை உடையது தமிழ். அதனைக் கற்ற செவிக்கு அயன்மொழியின் ஓசை நுட்பம் எட்டாததன்று. எழுத்தைக் கண்ணாற் கற்பதோடு அமையாது, செவியாலும் கற்கத் தொடங்கும் மாணாக்கனுக்கு, கற்ற மொழி பேசும் மொழியாகவும் மலரும்.