உருக்குலைந்த காவலன்

முட்டையை வேக வைத்தால் அதன் வெண்கரு ஏன் இறுகிவிடுகிறது? சைவ நேயர்கள் நம்மை மன்னிக்க வேண்டும். நாம் சொல்ல வந்த விஷயத்துக்குள் புகுவதற்கு இதைவிட நல்ல வாசல் நமக்குத் தென்படவில்லை. நீர்போலத் தெளிந்திருந்த பொருள் சில நிமிஷங்களில் வெள்ளை வெளேரென்று கட்டியாகிறது. வெளியிலிருந்து எதையும் அதில் சேர்க்கவில்லை. அதிலிருந்து எதையும் எடுக்கவும் இல்லை. பொருள் அதே பொருள்தான். அதன் உருவம் குலைந்துவிட்டது; அத்துடன் அதன் குணமும் போய்விட்டது.

வெண்கருவில் உள்ள சத்துக்குப் புரோட்டீன் என்று பெயர். நம் உடலில் நடக்கும் காரியங்களில் பெரும்பாலானவற்றைச் செய்வனவும் புரோட்டீன்களே. இருபது வகை அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த நீண்ட சரம் ஒவ்வொரு புரோட்டீனும். சரம் சரமாகவே கிடந்தால் பயனில்லை. அது தனக்கென்று அமைந்த முறையில் மடிந்து, சுருண்டு, ஓர் உருவம் எடுக்க வேண்டும். சாவியின் பற்கள் சரியாக இருந்தால்தானே பூட்டுத் திறக்கும்?

இந்தச் சரம் எந்தெந்தக் கோணங்களில் மடியலாம், எவற்றில் மடியலாகாது என்று 1963-ஆம் ஆண்டில் கணித்துப் படம் வரைந்து உலகுக்கு அளித்தவர்கள் சென்னை ஸர்வகலாசாலையைச் சேர்ந்த ஜி. என். ராமச்சந்திரனும், அவருடன் உழைத்த ஸி. ராமகிருஷ்ணனும், வி. சசிசேகரனும் ஆவர். இன்று உலகில் எந்த மூலையில் ஒரு புரோட்டீனின் உருவத்தைக் கண்டறிந்தாலும், அது சரிதானா என்று ஒத்துப் பார்ப்பதற்கு ராமச்சந்திரன் படத்தை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். நாம் பெருமை கொள்ளத் தக்க செய்தி இது.

கள்வன் என்று பெயர் பெற்ற காவலன்

அத்தகைய புரோட்டீன் ஒன்றின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். அதன் பெயர் பி-53. அதன் எடை 53,000 அளவு இருக்கும் என்று முதலில் மதிப்பிட்டதால் வந்த பெயர் இது. உண்மையான எடையோ 44,000-க்கும் சற்றுக் குறைவு. பெயரிலேயே பிழை நேர்ந்தது போல, அதன் குணத்தைப் பற்றியும் நெடுநாள் பிழையான எண்ணமே நிலவிற்று.

1979-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் தனித்தனியே ஆராய்ந்தவர்கள் இதனைக் கண்டார்கள். குரங்குகளிடம் காணப்படும் வைரஸ் ஒன்று ஸெல்களைப் புற்று நோய் ஸெல்களாக மாற்ற வல்லது. அந்த வைரஸின் புரோட்டீனோடு இந்தப் பி-53 ஒட்டிக்கொண்டிருந்தது. திருடனோடு கை கோத்து நிற்பவனைத் திருடன் என்று நினைப்பது இயற்கை அல்லவா? பத்து ஆண்டுகள் வரையில் பி-53 புற்று நோயை வளர்ப்பது என்றே பலரும் கருதினார்கள். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட மாதிரிகள் பலவும் ஏற்கெனவே உருக்குலைந்தவை என்பது 1989-ஆம் ஆண்டில்தான் வெளியாயிற்று. கெடாத பி-53-ஐ ஸெல்லில் சேர்த்துப் பார்த்தபோது, அது புற்றின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தியது. 1979-இல் இதைக் கண்டவர்களில் ஒருவரான டேவிட் லேன் என்பவரே 1992-இல் அதற்கு 'மரபுத் தொகுதியின் காவலன்' என்ற பட்டத்தைச் சூட்டினார்.

காவல் நடக்கும் விதம்

ஒவ்வொரு ஸெல்லிலும் டி. என். ஏ. என்ற குறிப்பேடு இருக்கிறது. தாய் தந்தையரிடமிருந்து வந்த கட்டளைகளெல்லாம் அதில் எழுதப்பட்டுள்ளன. வெயிலாலோ, விஷப் பொருளாலோ அந்த ஏட்டில் சிதைவு நேரலாம். சிதைந்த ஏட்டைப் பார்த்துப் படி எடுத்தால் பிழை பெருகும். ஆகையால் ஸெல் இரண்டாகப் பிரிவதைப் பி-53 நிறுத்தி வைக்கிறது. பழுது பார்க்க அவகாசம் கொடுக்கிறது. பழுது தீராது என்று கண்டால், அந்த ஸெல் தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளுமாறு ஏற்பாடு செய்கிறது. ஊர் பிழைக்க ஒருவன் மாளுவது போன்ற தியாகம் இது!

இத்தகைய அதிகாரம் படைத்தவனை எந்நேரமும் உருவிய வாளோடு நிறுத்தி வைக்கலாமா? நல்ல ஸெல்களும் மடிந்துவிடுமே! அதனால் இயற்கை ஒரு யுக்தி செய்திருக்கிறது. பி-53 இடைவிடாமல் உற்பத்தியாகிறது. உடனுக்குடன் அழிக்கவும் படுகிறது. அமைதியான காலத்தில், பிறந்த பி-53-இல் பாதி, அரை மணி நேரத்துக்குள் மறைந்து போகிறது. எம். டி. எம். 2 என்ற மற்றொரு புரோட்டீன் அதைப் பற்றி அழிவுக்கு அனுப்புகிறது.

இங்கேதான் உருவ மாற்றத்தின் விசேஷத்தைக் காண்கிறோம். பி-53-இன் முன் நுனிக்கு நிலையான உருவம் கிடையாது. காற்றில் ஆடும் நூல்போல அது அலைந்துகொண்டிருக்கும். எம். டி. எம். 2 வந்து பற்றியவுடன் அந்த நூல் சுருள் வடிவம் எடுத்து, அதன் பள்ளத்தில் பொருந்தி உட்கார்ந்துகொள்ளும். ஆனால் டி. என். ஏ. சிதைந்தது என்ற அபாயச் செய்தி வந்தால், வேறு சில புரோட்டீன்கள் அந்த நுனியில் பாஸ்பேட் என்ற சிறு பொருளை ஒட்டிவிடுகின்றன. பிடி தளர்கிறது. பி-53 அழியாமல் பெருகுகிறது. நான்கு நான்காகச் சேர்ந்து டி. என். ஏ.யில் உரிய இடத்தைப் பற்றி, வேண்டிய கட்டளைகளைப் பிறப்பிக்கிறது. அக்கட்டளைகளுள் ஒன்று எம். டி. எம். 2-ஐ உண்டாக்கு என்பது! வேலை முடிந்ததும் தன்னை விலக்குவதற்கு வேண்டிய ஆளைத் தானே நியமித்துவிட்டு வரும் அதிகாரியை நாம் வேறு எங்கே பார்த்திருக்கிறோம்?

மெல்லிய உருவம்

இந்தக் காவலனுக்கு ஒரு குறையும் உண்டு. 393 மணிகள் கொண்ட இச்சரத்தின் நடுப்பகுதிதான் டி. என். ஏ.யைப் பற்றும் கை. 1994-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நிகோலா பாவ்லெட்டிச் என்பவரின் குழுவினர் அதன் உருவத்தைத் துலக்கிக் காட்டினார்கள். ஒரே ஒரு துத்தநாக அணு அதன் மடிப்புகளை ஊசிபோலக் குத்திப் பிடித்திருக்கிறது. அந்த அணு நழுவினால் கை தளர்ந்துவிடும். நம் உடலின் வெப்பம் 37 டிகிரி. சோதனைக் குழாயில் தனித்து வைத்த இப்பகுதியோ 45 டிகிரியை எட்டுமுன்பே குலைந்து விடுகிறது. இவ்வளவு சிறிய இடைவெளியில் அது தன் உருவத்தைக் காத்து வருகிறது.

இந்நிலையில் ஒரு மணி மாறினாலும் கேடுதான். 175-ஆம் இடத்தில் உள்ள மணி மாறினால் துத்தநாகத்தைச் சூழ்ந்த மடிப்புக் கலைந்து, உருவமே கெடுகிறது. 248, 273 ஆகிய இடங்களில் மாறினாலோ உருவம் பெரும்பாலும் அப்படியே நிற்கும், டி. என். ஏ.யைத் தொடும் விரல் மட்டும் போய்விடும். மனிதருக்கு வரும் புற்று நோய்களில் ஏறத்தாழப் பாதியில் பி-53-இன் கட்டளை கெட்டிருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

உருவமே குணம் என்பதற்கு 1990-இல் இஸ்ரேலில் நடந்த சோதனை ஒன்று நல்ல சான்று. எலியின் பி-53-இல் ஒரு மணி மட்டும் மாறிய வகையை எடுத்துக்கொண்டார்கள். சுமார் 37 டிகிரியில் அது புற்றுக்குத் துணை செய்தது. அதே பொருள் சுமார் 32 டிகிரியில் நல்ல காவலனாகிப் புற்றின் வளர்ச்சியை அடக்கியது!

இன்னொரு கணக்கையும் பாருங்கள். பி-53 நால்வராகச் சேர்ந்து வேலை செய்வது என்றோம். ஸெல்லில் பாதி நல்லதாகவும் பாதி கெட்டதாகவும் இருந்து, கண்டபடி கலந்து சேர்ந்தால், நால்வரும் நல்லவராய் அமையும் கூட்டம் பதினாறில் ஒன்றுதான். கெட்டவர்களின் சேர்க்கை நல்லவர்களையும் முடக்கிவிடுகிறது.

உருவத்தை மீட்க முடியுமா?

வெந்த முட்டையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது நம் அடுக்களையில் ஆகாத காரியம். குலைந்த பி-53-ஐ நிமிர்த்த முடியும் என்ற நம்பிக்கையோ பிறந்திருக்கிறது. 220-ஆம் இடத்தில் உள்ள மணி மாறும்போது அந்த இடத்தில் ஒரு குழி விழுகிறது. ஆடும் மேஜைக்குக் காலடியில் சக்கை வைப்பது போல, அக்குழியில் பொருந்தும் சிறு மருந்தைச் செருகினால் உருவம் நிலைபெறும் என்று கேம்பிரிட்ஜில் ஆலன் பெர்ஷ்ட் என்பவரின் குழுவினர் 2008-இல் காட்டினார்கள். அந்த வழியில் பிறந்த மருந்துகள் நோயாளிகளிடம் சோதனை செய்து பார்க்கும் கட்டம் வரை வந்திருக்கின்றன.

மருந்து வரும்போது வரட்டும். காவலனைக் கெடுப்பவற்றைக் குடும்பத்தினர் இன்றே விலக்கலாம். புகையிலைப் புகையில் உள்ள நஞ்சு, பி-53-இன் கட்டளையில் 248, 273 முதலிய அதே இடங்களில் போய் ஒட்டுவதை 1996-இல் கண்டார்கள். பூசணம் பிடித்த நிலக்கடலையிலும் சோளத்திலும் உண்டாகும் அப்லடாக்ஸின் என்ற விஷம் 249-ஆம் இடத்தைக் கெடுத்து ஈரலில் புற்றை வளர்க்கிறது. கருப்பை வாயில் புற்றை உண்டாக்கும் வைரஸ், பி-53-ஐ முழுமையாகவே அழிவுக்கு அனுப்பிவிடுகிறது. அந்த வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது.

ஆகவே, வீட்டில் புகைக்கு இடம் கொடாதிருப்பதும், பூசணம் கண்ட கடலையைச் சிக்கனம் கருதாமல் எறிந்துவிடுவதும், பெண் குழந்தைகளுக்கு உரிய வயதில் ஊசி போடுவிப்பதும் சிறு காரியங்கள் அல்ல. கண்ணுக்குத் தெரியாத காவலன் ஒருவன் நம் ஸெல்தோறும் நின்று நமக்காக உழைக்கிறான். அவன் கையைக் கட்டிப் போடாமல் இருப்பதே நாம் அவனுக்குச் செய்யத் தக்க கைம்மாறு.