ஒரே பிலிமில் ஒன்பது கீட்டன்

பஸ்டர் கீட்டன் 1921-இல் எடுத்த ‘தி பிளேஹவுஸ்’ இரண்டு ரீல் ஊமைப்படம். ஒரு நாடகக் கொட்டகையின் வாத்தியக்காரர்கள், மேடையில் ஆடுகிறவர்கள், வேடிக்கை பார்க்கும் சீமாட்டி, சேட்டைக்காரச் சிறுவன் எல்லாரும் கீட்டன்தான். ஒரு காட்சியில் ஒன்பது கீட்டன்கள் வரிசையாக மேடையில் இருப்பார்கள். (வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்த மின்ஸ்ட்ரல் ஆட்டம் அது, இன்றைக்கு நெருடாமல் பார்க்க முடியாது.) கேமரா தந்திரம் என்று இதை ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் இதில் கேமராவைவிட அதிகம் உழைத்தது மனிதக் கை.

பிலிமில் ஒளி படாத பகுதி எதையும் பதிந்துகொள்ளாது. அடுத்த தடவைக்கு மிச்சமிருக்கும். லென்ஸுக்கு முன்னால் ஒளி புகாத பெட்டியைப் பொருத்தி, அதில் ஒன்பது குறுகிய மூடிகள் வைத்தார்கள். ஒன்றை மட்டும் திறந்து ஒரு கீட்டனைப் படம்பிடிப்பது, அதை மூடிவிட்டு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றுவது, அடுத்ததைத் திறப்பது. மூடிகளின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் வெளிச்சக் கோடு விழும், இடைவெளி விட்டால் கறுப்புக் கோடு. அதைவிடப் பெரிய சிக்கல் வேகம். அன்றைய கேமராவின் கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் எட்டு பிரேம் ஓடும். நொடிக்கு இரண்டு சுற்று என்பது பொதுக்கணக்கு. ஐந்தாம் தடவையில் ஒளிப்பதிவாளர் எல்ஜின் லெஸ்லியின் கை கொஞ்சம் தளர்ந்திருந்தால், திரையில் ஐந்தாவது கீட்டன் மட்டும் பக்கத்தில் இருப்பவர்களை முந்திக்கொண்டு துள்ளியிருப்பார். எல்லாம் ஒரே நெகட்டிவ் என்பதால், ஒன்பதாவதில் நேரும் பிழை முந்தைய எட்டையும் சேர்த்து அழித்துவிடும்.

பிரான்சில் மெலியெஸ் என்ற இயக்குநர் 1900-இலேயே தன்னை ஏழு பேராகக் காட்டிவிட்டாரே என்று கேட்கலாம். உண்மைதான், முதல் பெருமை அவருக்கே. ஆனால் அங்கே ஒருவர் ஏழு பேராவதுதான் அதிசயம். கீட்டனிடம் அந்த ஒன்பது பேரும் ஒருவருக்கொருவர் தாளம் தப்பாமல் இயங்கவும் வேண்டும். இன்னொரு வாதம் சற்றே கூர்மையானது. 1921-இல் ஒரு படப்பிடிப்பில் கீட்டனின் கணுக்கால் உடைந்ததால்தான், வழக்கமான சாகசங்களை விட்டு அவர் தந்திரத்துக்குப் போனார் என்கிறார்கள். காரணம் அதுவாகவே இருக்கட்டும். தாளக் கணக்கைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் யாருமே இல்லாத மேடையில், இருப்பதாகப் பாவித்து ஒவ்வொரு தடவையும் அசைவை அதே நொடியில் கொண்டுவந்து நிறுத்துவதும் உடம்பின் வேலைதான். குட்டிக்கரணம் போடுகிறவருக்குத் தவறினால் மறுபடி போடவாவது வாய்ப்பு உண்டு.